மூத்தவள் திறக்கும் நேரம்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாவது. மூத்தவள் உயிரோடுதான் இருக்கிறாள். பஸ் டிப்போவில், டூட்டி அறையில், ஜன்னலோர மேஜை மேலிருக்கும் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிறாள். அவள் ஒரு ஷீட். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எந்த வழியில் ஓட்ட வேண்டும் என்று கட்டம் கட்டமாகச் சொல்லும் டூட்டி ஷீட். எங்கள் கல்யாணத்துக்கு ரொம்ப முன்பே இவர் கையால் உருவானவள். கல்யாணம் பேசிய நாட்களில் எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். பேச்சில் முக்கால்வாசி அவளைப் பற்றித்தான்.

"அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி, அண்ணி. மூத்தவ ஆபீஸ்ல இருக்கா. நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று நாத்தனார் அன்றைக்கே என் காதில் போட்டுவைத்தாள்.

அனுசரித்துத்தான் போனேன். அதே டிப்போவுக்கு நானும் வேலைக்குப் போவேன், மூத்தவளோடு மல்லுக்கு நிற்பேன் என்று அப்போது யார் கண்டது?

என் தொழில் கம்ப்யூட்டர். ரிப்பேர்க்காரி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், துணிக்கடை, வக்கீல் ஆபீஸ் என்று நான் உட்காராத நாற்காலி இல்லை. காசு கட்டி வாங்கும் மென்பொருளா, சும்மா கிடைக்கும் ஓப்பன் சோர்ஸா, பெரிய மனிதர்கள் மடியில் வைத்துக்கொள்ளும் வெள்ளி நிற லேப்டாப்பா, எதைக் கொடுத்தாலும் அதன் குணத்தைக் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்வேன். ஆனால் எல்லா இடத்திலும் காண்ட்ராக்ட்தான். வேலை முடிகிற வரைக்கும் "மேடம், மேடம்". முடிந்தபின் கறிவேப்பிலையை எடுத்து இலையோரம் வைப்பதுபோல வைத்துவிடுவார்கள்.

டிப்போவிலும் அதே கதைதான். காண்ட்ராக்ட் ஆட்கள் தினமும் கேட்டில் நின்று விசிட்டர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 'யாரைப் பார்க்க வந்தீர்கள்' என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். முதலில் மேனேஜர் என்று எழுதினேன். பிறகு கடுப்பில் 'கம்ப்யூட்டரை' என்று எழுத ஆரம்பித்தேன். காவலாளி ஒருநாளும் அதைப் படித்ததில்லை. நாங்கள் ஒரே ஸ்கூட்டரில்தான் போவோம். ஆனால் வண்டியை நிறுத்தியதும் இவர் நீலக் கயிற்றில் தொங்கும் அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். கட்டிய பெண்டாட்டி கேட்டில் நின்று பேனா தேடிக்கொண்டிருப்பாள். ஒரு நிமிஷம் கூட நின்றால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஒவ்வொரு காலையும் எரியும். வாயைத் திறந்து கேட்டதில்லை.

டிப்போ என்னைக் கூப்பிட்டது ஒரு மாற்றத்துக்காக. பழைய ஆபீஸ் மென்பொருளின் உரிமத்தை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை, எல்லாரும் ஓப்பன் சோர்ஸுக்கு மாற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. மெஷின்களை மாற்றி, ஆட்களையும் பழக்கிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் பிரிவு என்று ஒன்றைத் திறந்து என்னை அதில் நிரந்தரமாக வைப்பதாக மேனேஜர் சொன்னார். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மேஜை இழுப்பறையைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மாற்றம் நான் பயந்ததைவிடச் சுலபமாகவே நடந்தது. கடிதப் பிரிவு அக்கா முதல் நாள் புலம்பினார். "பட்டன் எல்லாம் இடம் மாறிக் கிடக்கே! குடி போன வீட்ல உப்பு டப்பா தேடுற மாதிரி இருக்கு." வாரம் முடிவதற்குள் உப்பு, புளி எல்லாம் கிடைத்துவிட்டது. ஸ்டோர்காரர் இன்னும் ஒருபடி மேலே போய், "ஓசிதானே, என் வீட்டு மெஷினுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்திடுங்க" என்றார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, டூட்டி அறை வாசல் வரைக்கும்.

பழைய மென்பொருளில், இவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மூத்தவள் திறந்துவிடுவாள். புதியதில் டீ வாங்கிவந்து, ஆற்றி, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் திரை வெள்ளையாகவே நிற்கும். ஒரு டிரைவரை மாற்றிப் போட்டால் மறுபடி வெள்ளை. சில சமயம் அவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் கூட்டமாக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கும்.

"ஓசி சாமான் ஓசி புத்தியைத்தான் காட்டும்" என்று என் காதில் விழும்படி இவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீஸில் நான் இவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். இவர் என்னை மேடம் என்பார். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது, சார்" என்றேன்.

"பல்லை யாரு பார்த்தா, மேடம்? மாடு எழுந்திரிக்கவே மாட்டேங்குதே!"

ஜன்னலே குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வராத மாதிரி கேபிளைக் குனிந்து பார்த்தேன்.

அந்தத் திங்கட்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மெதுவாகப் பேசும் மனிதர். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. "வெள்ளிக்கிழமை நான் டூட்டி ரூமுக்கு வர்றேன். புது மெஷின்ல ஷீட் திறக்கணும். என் கண் முன்னாடி ஒரு மாத்தம் போட்டுக் காட்டணும். நடந்தா சரி. நடக்கலைன்னா பழசையே எப்படியாவது கேட்டு வாங்கிடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க விஷயத்தை அப்புறம் பார்ப்போம்."

எத்தனையோ ஆபீஸ்களில் நான் கேட்டுப் பழகிய 'அப்புறம்' அது. அதற்கு அப்புறம் எதுவும் வந்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. செருப்போடு ஆபீஸையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். நான் டிப்போவில் சேர்ந்த புதிதில் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே ஒரு பெரிய சண்டை வந்தது. அதற்குப் பிறகு இருவருமாகப் போட்ட சட்டம். அதனால் ஆபீஸ் பேச்சு முடியாத நாட்களில் நாங்கள் இருக்கும் மூன்றாவது மாடிக்குக் கீழே படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டே பேசி முடிப்போம். மேல்வீட்டு டீச்சர் காய்கறிப் பையோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போவார். "மீட்டிங் இன்னும் முடியலையா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

அன்றும் அங்கேதான் நின்றோம்.

"ஏங்க, ஃபைலை ஒரு தடவை என்கிட்ட குடுங்க. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கறேன்."

"உள்ளே டூட்டி இருக்கு. வேற என்ன இருக்கும்?"

"அவளைவிடப் பெரிய ஷீட் ஒண்ணு செஞ்சு அதே மெஷின்ல திறந்து பார்த்தேன். பட்டுனு திறந்துச்சு."

"அது காலி வீடு. கதவு பட்டுனுதான் திறக்கும். குடித்தனம் நடக்கிற வீட்ல நாலு சாமான் கதவுக்குப் பின்னாடி இருக்கத்தான் செய்யும்."

"அந்த நாலு சாமான் என்னன்னுதான் கேக்கறேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் மென்பொருளுக்கு மூச்சு வாங்குது. அதுக்கு என் ஷீட்டைக் குத்தம் சொல்றே" என்று சொல்லிவிட்டு இவர் படியேறினார். வாசலில் செருப்பைக் கழற்றியாகிவிட்டது. இனி பேச முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லா மெஷினின் சாவியும் என் கையில்தான் இருந்தது. இவர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஃபைலைத் திறந்து பார்த்திருக்கலாம். யாரும் கேட்க முடியாது. ஆனால் மனசு வரவில்லை. அடுத்தவள் பீரோவை ஆள் இல்லாதபோது திறப்பது போலிருந்தது.

அதனால் செவ்வாய்க்கிழமை வேறு வழியாகப் போனேன். நாளைக்குக் காலை டூட்டி அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து இவர் வேலை செய்வதைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "பார்க்கறதுக்கு என்ன? பாரு. கை வைக்காதே" என்றார்.

புதன்கிழமை முதல் ஷிப்ட் நேரத்தில் ஸ்டூலைப் போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய மெஷின், பழைய மென்பொருள். மூத்தவள் கண்ணாடி துடைப்பதற்குள் திறந்தாள். அவளையும் இவரையும் சேர்த்து நான் வேலையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருந்தது. இவர் விரல்கள் விசைகளைப் பார்க்கவே இல்லை. ஜன்னலில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வழித்தடம் மாறிவிடும்.

ஹாரன் அண்ணன் வந்தார். வாழ்நாளில் ஹாரன் அடிக்காத டிரைவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "டூட்டி சார், நாளைக்கு என்னை வெளியூர் போற லாங் லைன்ல போடாதீங்க. வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன்."

"ஆச்சுன்னு வெச்சுக்கோங்க, அண்ணா" என்றார் இவர். விரல்கள் ஓடின. அங்கேதான் நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு பெயரை அழித்துவிட்டு இன்னொன்றை டைப் செய்வார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. டிப்போவின் ஊழியர் பக்கத்தைத் திறந்தார். அதில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு வரி இருக்கும். சின்னப் புகைப்படம், பெயர், 'அழைக்க' என்று ஒரு பட்டன், டிக் அடிக்க ஒரு பெட்டி. அந்த வரியை முழுசாகக் காப்பி செய்தார். அப்படியே கொண்டுவந்து ஷீட்டில் ஒட்டினார். பிறகு வரியைச் சுருக்கினார். படமும் பட்டனும் பெட்டியும் கண்ணில் படாத அளவுக்குச் சுருங்கி மறைந்தன. பெயர் மட்டும் மிச்சம்.

"ஏங்க... சார், ஏன் இப்படி? டைப் பண்ணலாமே?"

"டைப்பா?" என்று என்னைப் பார்த்தார். பஸ்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமே என்று நான் சொன்ன மாதிரி ஒரு பார்வை. "ஆரம்பத்துல ஒரே பேர்ல ரெண்டு டிரைவர் இருந்தாங்க. டைப் பண்ணிப் பண்ணி ஆள் மாறிப்போச்சு. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்தவரையே காலையில மறுபடி வண்டி ஏத்திட்டேன். நல்ல வேளை, ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே ஒரு பேரையும் டைப் பண்றதில்லைன்னு. இருக்கிற இடத்துலேர்ந்து எடுத்து ஒட்டுவேன். அன்னையிலேர்ந்து இந்த டிப்போவில ஆள் மாறினதே இல்லை."

ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அண்ணன் தலையாட்டினார். "சத்தியமான வார்த்தை, தங்கச்சி."

"ஒரே ஒரு தடவை விசைப்பலகையைக் குடுங்க. எதையும் மாத்த மாட்டேன்" என்று கெஞ்சினேன். இவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். ஷீட்டில் ஒட்டிக்கிடக்கும் எல்லாப் பொருளையும் காட்டு என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தேன்.

சர்க்கரை டப்பா மூடியைத் திறந்ததும் எறும்பு மொய்க்குமே, அப்படித் திரை முழுக்கப் புள்ளிகள். எத்தனை வருஷத்துப் படங்கள், எத்தனை வருஷத்துப் பட்டன்கள்! ஒவ்வொரு வாரமும் போன வாரத்து ஷீட்டைக் காப்பி எடுத்துத்தான் புது வாரத்தை ஆரம்பிப்பார். அதனால் மறைந்து கிடந்தவை எல்லாம் குட்டி போட்டுப் போட்டுப் பெருகியிருந்தன. பழைய மென்பொருள் கண்டும் காணாமல் விட்டுவிட்டது. புதியது பாவம், திறக்கும்போது ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுக்கிறது. இதில் குற்றம் இரண்டு பக்கமும் உண்டு. அப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்வது புதியதின் அசட்டுத்தனம்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

"காரணம் கிடைச்சாச்சு" என்றேன். சந்தோஷத்தில் குரல் ஏறிவிட்டது. "இப்பவே எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிச்சிடலாம்."

"கையை எடு."

எடுத்தேன். இவர் ஒரு கட்டத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். மஞ்சள் நிறத்தில் ஒரு குறிப்பு விரிந்தது. 'முதுகு வலி. ஆட்டம் கொடுக்கும் பழைய பஸ் வேண்டாம்.' இன்னொரு கட்டம். 'மாலையில் அப்பாவுக்கு மருந்து கொடுக்கணும். சாயங்கால ஷிப்ட் வேண்டாம்.' இன்னொன்று. 'இவர்கள் இருவரையும் ஒரே பஸ்ஸில் போடாதே. சம்பந்தி சண்டை.'

"நீ ஒரே தட்டுல அழிச்சா இதுவும் சேர்ந்து போகும். போகுமா, போகாதா?"

போகும். படமும் பட்டனும் குறிப்பும் அங்கே ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. எது வேண்டும், எது வேண்டாம் என்று இவரைத் தவிர யாருக்கும் பிரிக்கத் தெரியாது.

அன்று மாலை படிக்கட்டுத் திருப்பத்தில் நான் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். "குறிப்பை மட்டும் நீங்க தனியா எடுத்து வெச்சிட்டா போதும். மத்த குப்பையை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"குப்பையா?"

"அந்த அர்த்தத்துல சொல்லலைங்க."

"இல்லை, சரியாத்தான் சொன்னே. இத்தனை வருஷமா நான் குப்பை சேர்த்திருக்கேன்." இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். இவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வரும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. "உனக்கு எந்த மெஷின்ல உட்கார வெச்சாலும் வேலை தெரியும். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அதுவும் எனக்குத் தெரியாது, என் விரலுக்குத்தான் தெரியும். ஷீட்டைச் சுத்தம் பண்ணி, குறிப்பையும் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி வெச்சிட்டா, யார் வேணும்னாலும் டூட்டி போடலாமே? உனக்கு நாற்காலி கிடைக்கும். என் நாற்காலி?"

 கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உங்களுக்காவது பறிபோவதற்கு ஒரு நாற்காலி இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பார்த்து டீச்சர் பையோடு ஏறி வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மீட்டிங்கைப் பற்றி எதுவும் கேட்காமல் போனார். நாங்களும் ஏறினோம். 

வியாழன் காலை கண் விழித்தபோது இவர் இல்லை. ஸ்கூட்டரும் இல்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். கோபத்தை இப்படியா காட்டுவது என்று பொருமிக்கொண்டே பஸ் பிடித்துப் போனேன். டூட்டி அறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ஜன்னலில் ஹாரன் அண்ணன் முதுகு மட்டும் தெரிந்தது. மாலையில் இவர் தனியாகவே வீட்டுக்கு வந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்கவில்லை. நேரே ஏறிவிட்டார். வெள்ளிக்கிழமையும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கேட்டில் 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்துக்கு முன் பேனாவோடு நின்றேன். இந்த நோட்டில் இதுதான் கடைசிக் கையெழுத்தாக இருக்கும் என்று தோன்றியது. ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் அவருடைய வெள்ளி நிற லேப்டாப். நான் புது மெஷின் பக்கத்தில் குற்றவாளி மாதிரி நின்றேன். இவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவில்லை. ஷீட் திறந்துவிட்டது.

நான் திரையைப் பார்த்தேன். அது மூத்தவள் இல்லை. கோடுகளின் கனம் வேறு. வண்ணங்கள் குறைவு. ஒவ்வொரு பெயரும், பக்கத்தில் அந்த டிரைவரின் நம்பரும், வெறும் எழுத்து. ஓரத்தில் 'குறிப்பு' என்று புதிதாக ஒரு பத்தி. அதில் முதுகு வலி, அப்பாவின் மருந்து எல்லாம் யாரும் படிக்கும்படி வரிசையாக இருந்தன. சம்பந்தி சண்டை மட்டும் நாகரிகமாக 'தனித்தனி பஸ்' என்று மாறியிருந்தது.  ஒரு பெயரையும் டைப் செய்ய மாட்டேன் என்று சபதம் எடுத்த மனுஷர், அத்தனை டிரைவர்களின் பெயரையும், பழகாத மெஷினில், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார்.

"நான் ஒவ்வொரு நம்பரா வாசிச்சேன், தங்கச்சி. சார் அடிச்சார். ரெண்டு நாளும் காலையில உட்கார்ந்து சரிபார்த்தாச்சு. ஒரு ஆள் மாறலை" என்று ஜன்னலில் நின்ற ஹாரன் அண்ணன் மெல்லச் சொன்னார்.

"மாத்தம் ஒண்ணு போடுங்க" என்றார் மேனேஜர்.

"என்னை லாங் லைனுக்கே திருப்பிப் போடுங்க, சார். வீட்டம்மாவைப் பார்த்துக்க மச்சினிச்சி வந்துட்டாங்க" என்றார் ஹாரன் அண்ணன்.

இவர் விரல்கள் பழக்கத்தில் ஊழியர் பக்கத்தைத் திறந்துவிட்டன. வரியை முழுசாகப் பிடித்தும்விட்டன. இன்னொரு தட்டு தட்டினால் ஒட்டிவிடும். படம், பட்டன், பெட்டி எல்லாம் மறுபடி குடியேறிவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லக் கூடாது. நான் சொன்னால் அது என் வேலை ஆகிவிடும். விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. பிறகு கீழே இறங்காமல் மடியில் போய் உட்கார்ந்துகொண்டன. இவர் ஊழியர் பக்கத்தை மூடினார். ஒரு விரலால் பெயரையும் நம்பரையும் தட்டினார். புது டிரைவர் முதல் தடவை பஸ்ஸைப் பின்னால் எடுப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, திரும்பிப் பார்த்துப் பார்த்து. நம்பரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். ஹாரன் அண்ணன் "சரி" என்றார். மாற்றம் விழுந்தது. திரை வெளுக்கவில்லை.

மேனேஜர் ஃபைலைத் தன் லேப்டாப்புக்கு அனுப்பச் சொன்னார். அதிலும் திறந்தது. "அட, இதுல எப்பவும் எல்லாம் கலைஞ்சுதான் வரும். அதனாலதான் பிரின்ட் கேட்டுட்டு இருந்தேன்" என்றார். "யார் சரி பண்ணது?"

"மேடம்தான்" என்றார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சும்மா இருந்திருக்கலாம். என் வேலை என் கைக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தப் பெயர்களைப் பார்த்த பிறகு வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. "இல்லை சார். எது அடைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சது மட்டும்தான் நான். ஷீட்டை நான் தொடவே இல்லை. புது மெஷின்ல புதுசா முழுக்க செஞ்சது அவர்தான்."

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதே மெதுவான குரலில், "அவரே ரெண்டு நாள்ல கத்துக்கிட்டார்னா, அப்புறம் கம்ப்யூட்டர் பிரிவு எதுக்கு?" என்றார்.

நன்றாக வேண்டும் எனக்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இவர் நாற்காலியைத் திருப்பினார். "சார், நான் கத்துக்கிட்டது ஒரு மெஷின்ல ஒரு ஷீட். அதுக்கே எனக்கு ரெண்டு நாள் காலை நேரமும் ஹாரன் அண்ணனும் தேவைப்பட்டுச்சு. இந்த டிப்போவில இப்ப மூணு விதமான மெஷின் ஓடுது. பழசு, புதுசு, உங்க மடியில இருக்கிறது. நாளைக்கு மேலேர்ந்து நாலாவதா ஒண்ணை மாத்தச் சொன்னா என்ன பண்ணுவீங்க? எல்லா வண்டியும் ஓட்டத் தெரிஞ்ச டிரைவரை நீங்க ரிசர்வ்ல வெச்சிருக்கீங்களே, எதுக்கு? மத்தவங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டத் தெரியாதுன்னா?"

 ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அண்ணன் பலமாகத் தலையாட்டினார்.

மேனேஜர் லேப்டாப்பை மூடினார். "திங்கட்கிழமை மேடத்துக்கு ஆர்டர் டைப் ஆகிடும்" என்றார். கதவுவரை போனவர் திரும்பினார். "மேடம், சாருக்கு மத்த ரெண்டு மெஷினையும் பழக்கி விடுங்க. டூட்டி ரூமை வேற யார்கிட்டேயும் விட எனக்கு உத்தேசம் இல்லை."

அன்று மாலை ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்தோம். படிக்கட்டுத் திருப்பத்தில் நிற்காமல் ஏறிவிட்டோம். பேச இவ்வளவு இருக்கும்போது எங்கே ஆரம்பிப்பது? வீட்டுக்குள் போய்ப் பையை மாட்டிவிட்டு நான் அடுப்பைப் பற்றவைத்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த ஊழியர் பக்கத்துலேர்ந்து படம் இல்லாம பேரை மட்டும் எடுத்து ஒட்ட எந்தக் கீ?"

"ஆபீஸ் பேச்சு" என்றேன். "செருப்போட வெளியே."

தலையாட்டிவிட்டுப் போனார். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்த் திறந்தேன். செருப்பு மாட்டிக்கொண்டு, நீலக் கயிற்றையும் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். "மேடம், ஒரு சந்தேகம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து எந்தக் கீ என்று சொல்லிக்கொடுத்தேன். இவர் முழங்காலில் விரலை வைத்து இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"மூத்தவளை அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அழிக்கலை. பழைய மெஷின்ல இருக்கா. இருந்துட்டுப் போகட்டும்." கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை உனக்கும் நீலக் கயிறு வந்துடும் இல்லை?"

"வரும். இனிமே நீங்க கேட்ல என்னை விட்டுட்டு ஓட வேண்டாம்." இத்தனை நாள் அடக்கி வைத்தது, கிண்டலாக வெளியே வந்தது.

இவர் சிரிக்கவில்லை. "நீ அந்த நோட்டைப் புரட்டிக்கிட்டு விசிட்டர் மாதிரி நிக்கறதை என்னால பார்க்க முடியலை. அதான் திரும்பாம போயிடுவேன்."

நான் இன்னும் கொஞ்சம் இவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.  கீழே படியில் டீச்சரின் காலடிச் சத்தம் கேட்டது. அவர் ஏறி வந்தார். நாங்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எங்களைத் தொந்தரவு செய்யாமல், ஓரமாக ஒதுங்கிப் போனார்.